அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முன்கூட்டியே முடித்தலும் கல்லூரிச் சேர்க்கையும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் நடக்கிறது. டிப்ளோமாவுக்கு வேண்டிய கிரெடிட்டுகளை மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகளில் சேர்த்துக்கொண்டு வெளியேறும் மாணவர்கள் உண்டு. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளில் இதனால் இழப்பு ஏதுமில்லை. பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பும் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி போன்ற இடங்களில்தான் சிக்கல் எழுகிறது. அங்கும் இளவயது தடையல்ல. ஓராண்டு குறைந்தால் விண்ணப்பத்தில் காட்டுவதற்கு உள்ளவையும் குறைந்துபோகின்றன என்பதே சிக்கல்.

விண்ணப்பக் காலம் இதற்கு முதல் காரணம். முன்சுற்று விண்ணப்பங்களுக்குப் பொதுவாக நவம்பர் தொடக்கமும், வழக்கமான சுற்றுக்கு ஜனவரி தொடக்கமும் கெடு. அதாவது கடைசி ஆண்டு பாதி முடிவதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான்காண்டு படிப்பவர் மூன்று முழு ஆண்டுகளின் மதிப்பெண்களோடு வருகிறார். மூன்றாண்டில் முடிப்பவரிடம் இரண்டு ஆண்டுகளே உள்ளன. கல்லூரி அளவிலான, கடினமான ஏபி பாடங்களை அப்போதுதான் தொட்டிருப்பார். பரிந்துரைக் கடிதத்துக்குப் பத்தாம் வகுப்பு ஆசிரியரைத்தான் நாட வேண்டியிருக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பில் நெருக்கடி இன்னும் கூடுதல். அது கேட்கும் 15 பாடங்களில் 11-ஐக் கடைசி ஆண்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் நான்கு ஆண்டுகளுக்குரியது. மதிப்பெண் சராசரியான ஜிபிஏ பெரும்பாலும் பத்தாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. பதினோராம் வகுப்பையே கடைசி ஆண்டாக்கிக்கொண்டவருக்கு அதில் பாதிக்குமேல் கிடையாது.

பல கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பம், பள்ளியை முன்கூட்டி முடிக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்கிறது. பதிலைப் படிப்பவர் தேடுவது காரணத்தை. பள்ளியில் உள்ள கணிதமெல்லாம் தீர்ந்துபோய் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குப் போய்வரும் மாணவருக்குப் பள்ளியே போதவில்லை என்பது விளங்கும். பள்ளி ஆலோசகரின் கடிதமும் அதை உறுதிசெய்யும். கோடை வகுப்பில் ஆங்கிலத்தை முடித்து எண்ணிக்கையை நிரப்பியவரின் கதை வேறு. இந்த இரண்டாம் வகையினர் நான்காம் ஆண்டையும் இருந்து படிப்பதே அவர்களுக்கு ஆதாயம்.

பெரிய கல்லூரிகள் முன்கூட்டி வரும் மாணவர்களைத் தாமே தேடிய காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரால் மாணவர் எண்ணிக்கை சரிந்த மோர்ஹவுஸ் கல்லூரி, பதினோராம் வகுப்பு முடித்தவர்களுக்கு நுழைவுத் தேர்வு வைத்தது. 1944-இல் 15 வயது மார்ட்டின் லூதர் கிங் உள்ளே வந்தது அப்படித்தான். 1951-இல் ஃபோர்டு அறக்கட்டளையின் கல்வி நிதியம் யேல், கொலம்பியா, சிகாகோ, விஸ்கான்சின் உள்ளிட்ட கல்லூரிகளில் பதினாறு வயதை ஒட்டியவர்களை உதவித்தொகையுடன் சேர்த்தது. ராணுவம் அழைக்கும் முன் ஈராண்டாவது படித்துவிடட்டும் என்பது நோக்கங்களுள் ஒன்று. படிப்பில் அவர்கள் பின்தங்கவில்லை என்று 1957 அறிக்கை கூறியது. ஆனால் அதே நிதியத்தின் ஆதரவில் முளைத்த இன்னொரு திட்டம் இதை ஓரங்கட்டிவிட்டது. அதுதான் 1956 முதல் கல்லூரி வாரியம் நடத்தும் ஏபி தேர்வு. மாணவரைக் கல்லூரிக்கு அழைப்பதற்குப் பதிலாக, கல்லூரிப் பாடம் பள்ளிக்குள் வந்தது. இன்று முன்கூட்டி வெளியேறுபவர் அந்தப் பாடங்களை எடுக்காமல் விட்டவராகத் தெரிவது இதனால்தான்.

இளவயதினருக்கென்றே அமைந்த வழிகளில் இந்தக் குறை இல்லை. 1966-இல் மாசசூசெட்ஸில் திறக்கப்பட்ட சைமன்ஸ் ராக், 1977-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டம், டெக்சஸ் மாநிலம் டென்ட்டனில் இயங்கும் கணித அறிவியல் அகாதெமி ஆகியவை அத்தகையவை.

முன்கூட்டி முடிப்பதா என்று முடிவெடுப்பதில் பணமும் ஒரு காரணம். ஓராண்டு முன்னதாக முடிக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு இந்தியானா 4,000 டாலர் தருகிறது, அதுவும் மாநிலத்துக்குள் படித்தால்தான். கூட்டாட்சி அரசின் நிதியுதவிக்கு டிப்ளோமாவோ அதற்கு நிகரான சான்றோ வேண்டும் என்பதால், டிப்ளோமா இல்லாமல் நேரே கல்லூரிக்குத் தாவுவோர் அதை இழக்க நேரலாம்.

மூன்றாண்டில் முடித்து, ஓராண்டு கழித்து விண்ணப்பிப்போரும் உண்டு. மூன்று முழு ஆண்டுகளின் மதிப்பெண்களும் பதினோராம் வகுப்பு ஆசிரியரின் கடிதமும் அப்போது கைக்கு வந்துவிடுகின்றன. இடைப்பட்ட ஆண்டில் வேறொரு கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டால் மட்டும் கணக்கு மாறுகிறது. பல இடங்களில் அவர் புதுமுக மாணவராக அல்லாமல் மாற்றல் மாணவராகக் கொள்ளப்படுவார். மாற்றலுக்கான இடங்களோ மிகச் சில. பிரின்ஸ்டன் 1990 முதல் 2018 வரை மாற்றல் மாணவர்களைச் சேர்க்கவே இல்லை.