எண்ணால் சோதித்தல்: ஜயந்த் நார்லிகரின் கல்வி, கணினிப் பணி, பொதுத்தொண்டு

1. நோக்கம்

கணித அறிஞர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பில் படிப்பு, கணினிப் பணி, தன்னார்வத் தொண்டு ஆகியவை தனித்தனித் தலைப்புகளாகவே வரும். தொண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு வரிகள்தாம். ஜயந்த் விஷ்ணு நார்லிகரின் (1938–2025) பணியை அப்படிக் கூறுபோட முடியாது. எந்தக் கூற்றையும் எண்ணால் சோதிக்கவேண்டும் என்ற ஒரே பயிற்சி மூன்றிலும் ஊடுருவி நிற்கிறது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கல்வி

நார்லிகர் கோலாப்பூரில் பிறந்தார், வாரணாசியில் வளர்ந்தார். தந்தை வி.வி. நார்லிகர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். மகனும் 1957இல் அங்கேயே பி.எஸ்சி. முடித்துக் கேம்பிரிட்ஜ் சென்றார். கணித டிரைபாஸ் தேர்வில் முதலிடம் பெற்று 'சீனியர் ராங்லர்' ஆனார். வானியலாளர் பிரெட் ஹாயிலின் வழிகாட்டலில் 1963இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய வானியல், பயன்பாட்டுக் கணிதத்தின் மடியில் வளர்ந்த வானியல்.

3. கணினி

1961இல் ரேடியோ வானியலாளர் மார்ட்டின் ரைல், மங்கலான ரேடியோ மூலங்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருப்பதாகக் கண்டு, பேரண்டம் காலத்தால் மாறாது என்னும் ஹாயிலின் நிலைப் பேரண்டக் கொள்கை தவறு என்று வாதிட்டார். ஹாயிலும் நார்லிகரும் அதைக் கணினியில் சோதித்தனர். பால்வெளித் திரள்கள் சீராகப் பரவாமல் பெருங்கொத்துகளாக இருந்தால் எண்ணிக்கை எப்படி அமையும் என்று, தற்செயல் எண்களைக் கொண்டு ஒரு மாதிரிப் பேரண்டத்தை உருவாக்கிப் பார்த்தனர். ரைல் கண்ட போக்கு அந்த மாதிரியிலும் வரக்கூடும் என்பது தெரிந்தது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். ஒன்று நிகழக்கூடும் என்று காட்டுவது அதற்கு நிரூபணமாகாது. பெருவெடிப்பின் எச்சமாகக் கருதப்படும் பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சு 1965இல் அறிவிக்கப்பட்டபின் பெரும்பாலோர் பெருவெடிப்புக் கொள்கையின் பக்கம் சென்றனர். ஆனால் தற்செயலால் மட்டும் என்ன நேரும் என்பதை முதலில் கணக்கிடும் முறை நார்லிகரிடம் நிலைத்தது.

4. புனே

4.1 நிறுவனம்: மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1972 முதல் பணியாற்றியவர், 1988இல் புனேயில் தொடங்கிய ஐயூகா என்னும் வானியல் மையத்தின் நிறுவன இயக்குநரானார். அங்கே பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமை உரைகள் நடந்தன. கையெழுத்துக் கேட்ட பிள்ளைகளிடம், அறிவியல் கேள்வி ஒன்றை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பச் சொல்வார். பதிலோடு கையெழுத்தும் போய்ச்சேரும்.

4.2 ஜாதகச் சோதனை: 2008இல் புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தாபோல்கர் முதலியோருடன் சேர்ந்து ஜோதிடத்தைச் சோதித்தார். மூடநம்பிக்கை ஒழிப்புத் தொண்டர்கள் பிள்ளைகளின் பிறப்பு விவரங்களைத் திரட்டினர். படிப்பில் சிறந்தவர்கள் 100 பேர், அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்கள் 100 பேர். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகங்கள். எது எந்த வகை என்று சொல்லவேண்டும். முடிவுகளை அனுப்பியவர்கள் 27 பேர். சராசரியாகச் சரியானவை 46 விழுக்காடு. தனி ஒருவர் பெற்ற உச்சம் 24.

இந்த 24 திறமைக்குச் சான்றாகுமா? நாணயத்தைச் சுண்டி 40 விடை சொல்பவருக்கு 24 அல்லது அதற்கு மேல் சரியாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு. அப்படி 27 பேர் சுண்டினால் மூன்று நான்கு பேர் 24ஐ எட்டுவது இயல்பு. ஆகவே அந்த உச்சம் தற்செயலைத் தாண்டவில்லை. 28 சரியாகச் சொல்லியிருந்தால் நிலைமை வேறு; தனி ஒருவருக்கு அதன் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

5. முடிவு

1961இல் பேரண்டத்துக்கும் 2008இல் ஜாதகத்துக்கும் நார்லிகர் வைத்த கேள்வி ஒன்றே: தற்செயலே இதைத் தந்திருக்குமா? முன்னதில் கணினி துணை நின்றது. பின்னதில் விவரம் திரட்டிய தொண்டர்கள் துணை நின்றனர். தொண்டர்கள் இல்லாமல் தரவு இல்லை. புள்ளியியல் இல்லாமல் அந்தத் தரவு வெறும் தாள். எனவே பொதுத்தொண்டை ஓர் அறிஞரின் ஓய்வுநேர நற்செயலாகக் கருதுவது பிழை. நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வாளரை மதிப்பிடும்போது அதை ஆய்வுப் பணியின் பகுதியாகவே எடைபோட வேண்டும்.