உண்டியலில் விழாத காசு

கடலூர் மாவட்டத்து மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில், பொங்கலுக்கும் பெருநாளுக்கும் பெரியோர் சிறுவருக்குக் காசு கொடுப்பது நெடுநாள் வழக்கம். அது மண் உண்டியலில் சேரும்.

நாணயங்கள் பலமுறை மாறின. 1957 ஏப்ரல் 1 முதல், 16 அணா கொண்ட ரூபாய் 100 நயா பைசா ஆனது. 2011 ஜூன் 30-க்குப் பின் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாமற் போயின. ஆயினும் காசு குழந்தையின் கையிலேயே விழுந்தது.

2016-இல் யு.பி.ஐ. வந்தது. இப்போது வெளியூர் மாமா அனுப்பும் பொங்கல் பணம் அப்பாவின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. சீனாவிலும் 2014 முதல் புத்தாண்டுச் சிவப்பு உறைப் பணத்தைக் கைப்பேசியில் அனுப்பும் வழக்கம் பரவியது.

பணம் விரைவாக வருகிறது. ஆனால் குழந்தை அதை எண்ணுவதில்லை. கூட்டலும் சேமிப்பும் கற்பித்த அந்தக் காசை, அனுப்பிய தொகைக்கு ஈடாகப் பெற்றோரே கையில் கொடுக்கலாமே!