புடைவை மூட்டையும் பாட்டுப் புத்தகமும்

"கம்ஃபர்ட் ஸோன்ல இருந்து வெளிய வாங்க." கம்பஸ் வந்த நாள்ல இருந்து ஒவ்வொரு செமினார்லயும் இதைக் கேட்டுக் கேட்டு சலிச்சுப் போச்சு. வெளிய வந்தா தன்னம்பிக்கை வளரும், நல்ல வேலை கிடைக்கும் என்பாங்க. எங்கட வரலாற்றில உண்மையாவே அப்படி வெளிய வந்த இரண்டு பேரை மட்டும் யாரும் உதாரணம் காட்டுறதில்லை: கோ. நடேசய்யர், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள்.

நடேசய்யர் 1887இல் தஞ்சைப் பகுதியில் பிறந்தவர். பிராமணர், படித்தவர், வர்த்தகம் பற்றிப் பத்திரிகை நடத்தியவர். 1915 அளவில் கொழும்புக்கு வந்தபோது, இங்குள்ள இந்திய வர்த்தகர்களோடு பேசிவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவருக்கோ தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. அது லேசான விஷயம் இல்லை. தோட்டம் துரையின் ராஜ்ஜியம். அனுமதி இல்லாமல் வெளியாள் நுழைந்தால் அத்துமீறல். மூட்டை சுமந்து வரும் புடைவை வியாபாரிகளை மட்டும் உள்ளே விடுவார்கள். அதனால் அவரும் புடைவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போனார்.

அந்தக் காலத்தில் தொழிலாளியைக் கட்டி வைத்தது கடன். கங்காணிக்கு அவர் தர வேண்டிய தொகையைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதுவார்கள். அதை இன்னொரு தோட்டம் கட்டினால்தான் அவர் இடம் மாறலாம். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

நடேசய்யர் பிறகு இலங்கையிலேயே தங்கிவிட்டார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளை நடத்தினார். ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1925இல் சட்டசபைக்கும் போனார். 1920களின் கடைசியில் குணசிங்கவின் அரசியல் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியபோது இருவரும் பிரிந்தார்கள். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து, தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைத் தொடங்கினார். கொழும்பில் பெயர் எடுத்த ஒரு ஆள், நாற்பது வயசு தாண்டி, மலையில போய் முதல்ல இருந்து தொடங்குறார்.

மீனாட்சியம்மாள் கடந்த தூரம் இதைவிடக் கூட என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்துப் பிராமண வீட்டுப் பெண் மேடை ஏறுவதே பெரிய விஷயம். அவர் 'தேசபக்தன்' வேலையில் பங்கெடுத்தார், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று எழுதினார், தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். வாசிக்கத் தெரியாத மக்களிடம் சேதி போய்ச் சேரப் பாட்டுதான் நல்ல வழி. 1939இல் இந்தியத் தினக்கூலிகளை அரசாங்க வேலையிலிருந்து நிறுத்தியபோது இந்திய எதிர்ப்பு உச்சத்தில் இருந்தது. அடுத்த வருஷமே, 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவருடைய பாட்டுப் புத்தகம் வந்தது.

இதில ஒன்றைக் கவனிக்கணும். வெளிய வருவதற்கு முதல்ல ஒரு 'ஸோன்' இருக்கணும். 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ், மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வந்தது. அந்த 43 சதத்துக்குக் கொழுந்து பறித்த பெண்ணிடம் போய் கம்ஃபர்ட் ஸோனை விட்டு வா என்று சொல்ல முடியுமா? அவர் கடல் தாண்டி, காடு தாண்டி வந்த குடும்பம். வசதி இருந்தது நடேசய்யர் தம்பதிக்குத்தான். அதை விட்டு அவர்கள் வந்தது, வசதியே இல்லாதவர்கள் பக்கம். அவர்களிடம் வளர்ச்சி என்று ஏதும் இருந்தால், அது அப்படி வந்ததுதான்.

நடேசய்யர் 1947 நவம்பரில் இறந்தார். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தின் நிழல்லதான் என்ட அம்மம்மா லயத்தில வளர்ந்தாங்க.

சொந்த ஊர் எது என்று கம்பஸ்ல யாராவது கேட்டா, நான் "வத்தளை" என்று மட்டும் சொல்லுவேன். வத்தளையில, கொட்டாஞ்சேனையில என்னைப் போல கனபேர் இருக்கிறாங்க. அந்த ஒரு சொல்தான் எங்கட பாதுகாப்பான இடம். போன மாசம் ஒரு சிங்களத் தோழி கேட்டப்போ, ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். "அங்க போயிருக்கிறியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை. இந்த லீவுக்கு அம்மம்மாவோட போறேன்.