1888இல் ஒரு கட்டுரை, 1907இல் ஒரு பதில்: நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

 

தரம் 8, 9 பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துகிற எந்தத் தமிழாசிரியருக்கும் இது தெரியும். "நூலகத்தின் பயன்கள்" என்று கொடுத்தால் மனனம் செய்த பந்திகள் அழகாக வந்து விழும். "மாலைநேர ரியூசன் அவசியமா? உமது கருத்தை நிறுவுக" என்று கொடுத்தால் பேனை நின்றுவிடும். பிள்ளைக்குக் கருத்து இல்லை என்பதல்ல. காரணம் காட்டி எழுதிப் பழக்கமில்லை. அதைப் பழக்க வெளியில் எங்கும் போகத் தேவையில்லை. எங்கள் சமூகத்தின் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

1882இல் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வேண்டும், பெண்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று தமிழிலேயே வாதாடினார். தன் கருத்தை எழுத்தில் வைத்து ஊரை இணங்கச் செய்யலாம் என்ற பழக்கம் எங்களிடையே வலுப்பட்ட காலம் அது.

1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கொழும்பில் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவர் சட்டசபையில் தமிழ்ப் பிரதிநிதி. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்பது அவருடைய முடிவு. பேசும் மொழி, சமூக வழக்கங்கள், உடல் தோற்றம், தென்னிந்தியத் தொடர்பு ஆகியவற்றை அதற்கு ஆதாரமாக வைத்தார்.

இது வெறும் புலமைப் பேச்சல்ல. சோனகருக்குச் சட்டசபையில் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த நேரம். அடுத்த ஆண்டே, 1889இல், எம்.சி. அப்துல் ரகுமான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

ஆசனம் கிடைத்த பிறகும் அந்தக் கட்டுரை நூலகங்களில் இருந்தது. அதற்கு ஒரு முழு நூலாகவே பதில் எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். 1907இல், கட்டுரை வந்து 19 ஆண்டுகளுக்குப் பின், இராமநாதனின் வாதங்களை எடுத்து ஆராய்ந்து ஆங்கிலத்தில் மறுத்தார்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பதிவின் நோக்கமல்ல. ஒரு பிள்ளை இதிலிருந்து எழுதக் கற்கக்கூடியவை மூன்று.

ஒன்று: உண்மையை மறுக்காதே, அதிலிருந்து எடுக்கும் முடிவைக் கேள்வி கேள். சோனகர் தமிழ் பேசுவதை அஸீஸ் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது. மொழி ஒன்றானால் இனமும் ஒன்றாகிவிடுமா என்பதே அவருடைய கேள்வி. வியாபாரத்துக்கு வந்தவர்கள் அந்தந்த ஊரின் மொழியை ஏற்பது உலக வழக்கம் என்றார்.

இரண்டு: ஆளுடைய நோக்கம் வேறு, வாதம் வேறு. தனி ஆசனத்தைத் தடுப்பதே இராமநாதனின் உள்நோக்கம் என்றும் அஸீஸ் எழுதினார். அப்படியே இருந்தாலும், நோக்கத்தைக் காட்டுவதால் மட்டும் வாதம் விழுந்துவிடாது. ஆதாரத்துக்கு ஆதாரத்தால்தான் பதில். அஸீஸ் அதையும் செய்ததால்தான் அவர் நூல் இன்றும் பேசப்படுகிறது.

மூன்று: பின்னால் நடந்ததைக் கொண்டு முன்னால் சொன்னதைத் தீர்க்காதே. 1915 கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது எங்கள் சமூகத்தில் ஆழமான மனத்தாங்கலை உண்டாக்கியது. அந்த மனத்தாங்கல் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் 1888இல் அவர் சொன்னது சரியா பிழையா என்பதை அது தீர்மானிக்காது.

வகுப்பில் நான் செய்வது சின்ன வேலை. கொப்பியின் இடப்பக்கத்தில் எதிர்த் தரப்பின் காரணங்கள் மூன்று. அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் வாசித்தால், "ஓம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் வலப்பக்கத்தில் தன் கருத்து. "எல்லோருக்கும் தெரியும்", "யாராலும் மறுக்க முடியாது" என்ற வசனங்களுக்குப் புள்ளி இல்லை. யாருக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று எழுத வேண்டும். முதல் இரண்டு கிழமை பிள்ளைகள் திணறுவார்கள். பிறகு இடப்பக்கத்தை எழுதும்போதே சிலர் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். அது தோல்வியல்ல, அதுதான் படிப்பு.

வன்னியில் இது பரீட்சைப் புள்ளியோடு முடிகிற விஷயமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவிலிருந்து உடுத்த துணியோடு போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இதே மண்ணில் படிக்கிறார்கள். தன் வீட்டுக் கதையைத் திகதியோடும் ஆதாரத்தோடும் எழுதத் தெரிந்த பிள்ளை, மற்றவர் வீட்டுக் கதையையும் குறைக்காமல் இடப்பக்கத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு முகநூலில் வரும் ஒரு பொய்ச் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு பகிராது.

காணிப் பிரச்சினைக்குப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் மனுவும் ஒரு கருத்துக் கட்டுரைதான். அதிகாரி எங்கள் கோபத்தை வாசிக்கமாட்டார். உறுதி இருக்கிறதா, எந்த ஆண்டிலிருந்து குடியிருந்தீர்கள், எத்தனை குடும்பம், எதிர்த் தரப்பு சொல்வதற்கு உங்கள் பதில் என்ன என்றுதான் பார்ப்பார். இன்று எங்களில் பலர் இன்னொருவரைக் கொண்டு மனு எழுதுவிக்கிறோம். எங்கள் பிள்ளைகள் தாங்களே எழுத வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை ஏதாவது கருத்துச் சொன்னால் "பெரியவர்கள் பேசும்போது வாய் காட்டாதே" என்று அடக்காதீர்கள். "ஏன் அப்படி நினைக்கிறாய் மகள்? மற்றவர் என்ன சொல்வார்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மீதியை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.