நெடுந்தீவின் தரவைப் புல்

நாடுகளின் வரலாறு பெரும்பாலும் அரசர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவர்தம் படைக்குதிரைகளுக்கு இரை தந்த புல்லை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில் அமைந்த நெடுந்தீவின் வரலாற்றைப் புல்லை விடுத்துக் கூறுதல் இயலாது.

முருகைக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த தீவு இது. வாடைக்காற்றோடு வரும் மாரிமழையே இதன் முதன்மையான நீர்வளம். சோளகம் வீசும் மாதங்களில் நிலம் வறண்டு வெடிக்கும். உழவுக்குப் பெரிதும் இடந்தராத இத்தீவின் செல்வம், தரவை எனப்படும் திறந்த புல்வெளியேயாம். அறுகு போன்ற பல்லாண்டுப் புற்கள் அத்தரவைக்கு உயிராவன. அறுகின் தண்டு நிலத்தோடு ஒட்டிப் படர்வதால், ஆவினம் நுனியை மேய்ந்தாலும் அடி அழிவதில்லை. கோடையில் இலை கருகும். மண்ணுள் வேரும் தண்டும் உறங்கிக் கிடக்கும். ஐப்பசி மழை வீழ்ந்ததும் அவை மீண்டும் தளிர்க்கும்.

இவ்வளத்தைக் கண்ட போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் 'பசுக்களின் தீவு' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். குதிரைகளை முதலிற் கொணர்ந்தவரும் அவர்களே என்பர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு நகரொன்றின் பெயரால் தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயரிட்டுக் குதிரை வளர்ப்பைப் பெருக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி அப்பணியைத் தொடர்ந்தார். பின்னர் அது கைவிடப்பட்டது. லாயங்கள் இடிந்தன, குதிரைகளோ தரவையிலே கட்டற்றுத் திரிந்து பெருகின.

வறண்ட நிலத்துப் புல்லைப் பேணும் கலையைக் கடலுக்கு அப்பால், கொங்கு நாட்டிலே காணலாம். காங்கேயம் பகுதி உழவர், முட்கிளுவை வேலியால் நிலத்தை வகுத்து, கொழுக்கட்டைப் புல் செழிக்கும் மேய்ச்சற் காடாக வைத்துள்ளனர். கொறங்காடு என்பது அதன் பெயர். ஒரு பகுதியில் மாடு மேயும்போது மற்றொரு பகுதி ஓய்ந்து தளிர்க்கும். காங்கேயம் காளையின் வலிமைக்கு அப்புல்லே அடித்தளம். புல்லுக்கும் மாட்டுக்கும் இடையே அளவறிந்த உழவன் ஒருவன் அங்கே நிற்கிறான்.

நெடுந்தீவுக் குதிரைகளுக்கு அத்தகைய காவலன் இல்லாது போயினான். மாரி பொய்த்த ஆண்டுகளில் புல்லும் நன்னீருமின்றிக் குதிரைகள் மடிந்ததுண்டு. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது நற்செயலே. எனினும், விலங்கைக் காப்போம் எனக் கூறி அதன் புல்லையும் நீரையும் மறப்போமாயின், அக்காவல் பாதிக் காவலேயாகும். மூன்று ஆட்சிகள் வந்து சென்ற பின்னும் அக்குதிரைகளை வாழவைத்தது, மிதிபட்டும் மாளாத அத்தரவைப் புல்லன்றோ!