யாரிடம் கேட்பது?

ஜூன் மாதம் நெருங்கினால் நம் சமயபுரம் கடைவீதியில் பேச்சே மாறிவிடும். எந்தப் பள்ளிக்கூடம், எவ்வளவு ஃபீஸ், வேன் எதுவரை வரும், தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா என்று நாலு பேர் கூடிய இடமெல்லாம் இதே பேச்சுத்தான். பேரன் பேத்திகளுக்காக நம் வயதுக்காரர்களும் அதில் தலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளை டாக்டராகவோ என்ஜினீயராகவோ வந்துவிட்டால், "அவங்க அப்பா அம்மா பாவம், கஷ்டப்பட்டுப் படிக்க வச்சாங்க" என்று சொல்கிறோம். கஷ்டம் உண்மைதான். ஆனால் அதே கஷ்டம் பட்ட எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் பாதியில் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறோம். கஷ்டப்பட்டதோடு, சரியான சமயத்தில் சரியான முடிவையும் அந்தப் பெற்றோர் எடுத்தார்கள். பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள் அந்த முடிவை எப்படி எடுத்தார்கள்? பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு வெகுநாளாக இருக்கும் கேள்வி இது. இதற்குள் தமிழ்நாட்டின் நூறு வருஷச் சரித்திரமே இருக்கிறது.

முதலில் பழைய காலத்துக்குப் போவோம். இரட்டைமலை சீனிவாசன் 1939ல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்கள் இருந்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் ஊரும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மற்ற பையன்களோடு விளையாடாமல், வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம். படிக்கப் போன இடத்தில் ஒளிந்துகொண்டு படித்த பிள்ளை.

1920க்குப் பிறகு சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை, ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் தனிப் பள்ளிகள் நடத்தத் தொடங்கியது. லேபர் ஸ்கூல் என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வீடுகளின் தாய் தகப்பனுக்கு அப்போது இரண்டு வழி. ஒன்று, சேரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் லேபர் பள்ளி. அங்கே அவமானம் இல்லை, ஆனால் ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுவிடும். இன்னொன்று, ஊர்ப் பொதுப்பள்ளி. அங்கே மேல் வகுப்பு உண்டு. ஆனால் பிள்ளை எங்கே உட்கார வைக்கப்படும், எந்தப் பானையில் தண்ணீர் குடிக்கும் என்பது கேள்வி. பிள்ளையின் மானமா, பிள்ளையின் மேல்படிப்பா என்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது. அவர்களுக்கு வந்தது.

இதே தராசு அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோர் கையிலும் இருந்தது. கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1935ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தனிப் பள்ளியா பொதுப் பள்ளியா என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், பிள்ளைக்கு உண்மையான படிப்பு எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். பொதுப் பள்ளியில் வெறுப்புக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன கற்கும் என்று அவர் கவலைப்பட்டார். இங்கே நம் பக்கத்துப் பெற்றோர் அவரைப் படித்ததில்லை. ஆனால் அதே கணக்கைத் திண்ணையில் உட்கார்ந்து போட்டுத்தான் இருப்பார்கள்.

அடுத்து 1953. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பள்ளி நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி என்று குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் தகப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பெரியார் இதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார். திட்டத்தை ஆதரித்தவர்கள், கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் இரண்டு ஷிப்டாக நடத்தினால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாமே என்றார்கள். காகிதத்தில் அது நியாயமாகக்கூடத் தெரியும்.

நம் ஊரில் வைத்துப் பாருங்கள், விஷயம் விளங்கும். சமயபுரம் என்றால் கோயில். கோயிலை நம்பிப் பூக்கட்டுபவர், தேங்காய்க்கடைக்காரர், முடி இறக்குபவர், மேளம் அடிப்பவர், சலவை செய்பவர், சுற்றிலும் வயல் வேலைக்காரர். ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்த காலம் அது. கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் மீதி நேரத்தில் கணக்கு பழகுவான். முடி இறக்குபவர் வீட்டுப் பையன் கத்தி தீட்டப் பழகுவான். வயல் வேலைக்காரர் வீட்டுப் பெண் பிள்ளை நாற்றுக்கட்டைத் தூக்குவாள். மூன்று மணி நேரப் படிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், மீதி நேரம்தான் ஒன்றில்லை. தகப்பன் தன் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை வேண்டும் என்று நினைத்தாலும், பள்ளியே அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே 1954 மே மாதத்தில், 17ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குப் பெயர் தந்த ஆலிவர் பிரவுன், டொபீகா நகரத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். நம் பொன்மலையில் வேலை பார்த்த ஆட்களைப் போன்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மகள் லிண்டா, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளியை விட்டுவிட்டு, தூரத்திலிருந்த கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு பஸ் ஏறிப் போக வேண்டியிருந்தது. அந்த ஊரில் 13 பெற்றோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அவர்களும் தாங்களாகவே இதைச் செய்துவிடவில்லை. எந்தப் பள்ளியில் போய் இடம் கேட்பது, மறுத்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு ஒரு சங்கமும் வக்கீல்களும் இருந்தார்கள்.

நம் பக்கம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கல்லூரியில் வகுப்புவாரி இடஒதுக்கீடு செல்லாது என்று 1951ல் தீர்ப்பு வந்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியால் அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 1956ல் பள்ளிகளில் மதிய உணவு. 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியவை. ஊர்க்காரர்களே பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் வாங்கித் தந்தார்கள். 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான்.

ஒரு தட்டுச் சோறு எப்படிப் படிப்பு முடிவை மாற்றும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். மாடு மேய்க்கவோ பூக்கட்டவோ போகும் பிள்ளை கொண்டுவருவது சில காசுகளும் ஒருவேளைச் சாப்பாடும். பள்ளிக்கு அனுப்பினால் அந்த இரண்டும் போகும். சாப்பாட்டைப் பள்ளியே போட்டுவிட்டால் நஷ்டத்தில் பாதி கழிந்தது. அந்தப் பாதிதான் பல தாய்மார்களை "சரி, போகட்டும்" என்று சொல்ல வைத்தது. வாசல் திறந்து இருந்ததால்தான் அவர்களால் முடிவு என்று ஒன்றை எடுக்கவே முடிந்தது.

ஆனால் பள்ளிக்குள் நுழைந்த பிறகு இன்னொரு தடை இருந்தது. அதற்கு நம் திருச்சியிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1950ல் ராமேஸ்வரத்திலிருந்து அப்துல் கலாம் செயிண்ட் ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்தார். பிறகு பி.எஸ்ஸி. இயற்பியல். பட்டம் முடிக்கும்போதுதான் தமக்கு வேண்டியது பொறியியல் என்பது தெரிந்தது. இன்டர்மீடியட் முடித்தவுடனேயே அதற்குப் போயிருக்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சென்னை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் கட்டச் சுமார் ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

எல்லோரும் அந்த வளையலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வருஷங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கே, "தம்பி, இதை முடித்தால் அதற்குப் போகலாம்" என்று சொல்ல ஆள் இல்லை. வக்கீல் வீட்டிலும் வாத்தியார் வீட்டிலும் அந்தத் தகவல் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளைகள் காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் அது விழாது.

1960களில் திருச்சியில் பெல் வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது, 1964ல் ரீஜனல் என்ஜினீயரிங் காலேஜ் வந்தது. 1952லிருந்தே சேஷசாயி பாலிடெக்னிக் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனை ஐ.டி.ஐ.யில் சேர்த்து அப்ரண்டிஸ் ஆக்குவதா, பாலிடெக்னிக்கா, பி.யூ.சி.யா? ஐ.டி.ஐ. என்றால் சீக்கிரம் சம்பளம். பி.யூ.சி. என்றால் வெகுதூரம் போகலாம், ஆனால் நடுவில் தவறினால் இரண்டும் இல்லை. அந்தக் காலத்தில் பெற்றோர் இதையெல்லாம் தெரிந்துகொண்டது தபால்காரரிடம், விடுதி வார்டனிடம், கொள்ளிடத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வரும் பெல் தொழிலாளியிடம், முக்கியமாக வகுப்பு வாத்தியாரிடம்.

1978ல் பிளஸ் டூ வந்ததும் முடிவு இன்னும் சின்ன வயதுக்கு இறங்கிவிட்டது. பதினைந்து வயதில் குரூப் எடுக்க வேண்டும். கணக்கு இல்லாத குரூப்பில் சேர்ந்தால் பொறியியல் கதவு அன்றைக்கே சாத்தப்பட்டது. கோயிலில் முடி இறக்கும் தொழில் செய்த ஒருவர் மகனின் மார்க் ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், நல்லா படிக்க வை, நல்லா படிக்க வைன்னு எல்லாரும் சொல்றாங்க. எதைப் படிக்க வைக்கிறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், கல்விக் கொள்கையின் குறையை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காராமல் நின்றபடியே அரைமணி நேரம் கேட்டார். எந்தக் குரூப்புக்கு என்ன வேலை, விடுதி உண்டா, தவறினால் வேறு வழி உண்டா என்று ஒவ்வொன்றாக. எனக்குத் தெரியாததை வேறு இரண்டு ஆசிரியர்களிடம் போய்க் கேட்டார். மகன் முதல் குரூப்பில் சேர்ந்தான். இன்று அவன் பிள்ளைகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமையாக இருந்தது. வயதுக்கு வந்ததும் நிறுத்துவது வழக்கம். 1989ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், பெண் 8ஆம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கல்யாணத்துக்கான பணம் படிப்பைக் காப்பாற்றியது வேடிக்கைதான். ஆனால் காப்பாற்றியது. அதே பெயரிலான திட்டம் 2022ல் புதுமைப் பெண் என்று மாறி, கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கே மாதம் 1,000 ரூபாயாக வருகிறது.

இப்போது நம் பேரப்பிள்ளைகளுக்கு வருவோம். பள்ளிகளுக்குக் குறைவில்லை, திட்டங்களுக்கும் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2020ல் மருத்துவப் படிப்பிலும், 2021ல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் 8 வரை படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்றால், ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியாக இருக்க வேண்டும். கௌரவத்துக்காக எட்டாம் வகுப்பில் பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கும் கூலிக்காரத் தகப்பனுக்கு, அன்று எந்தக் கதவைச் சாத்தினார் என்பது நாலு வருஷம் கழித்துத்தான் தெரிகிறது.

அதனால் அரசுப் பள்ளிதான் என்றோ, இங்கிலீஷ் மீடியம்தான் என்றோ நான் சொல்லப் போவதில்லை. டுபாய்ஸ் சொன்ன மாதிரி பெயர்ப் பலகையைப் பார்க்காமல் உள்ளே நடப்பதைப் பாருங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா? போன வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? பிள்ளையை மரியாதையாக நடத்துகிறார்களா? இதைக் கட்டாயம் கேளுங்கள். 2023ல் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு பிள்ளையை வெட்டியதும், அதன்பின் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டதும் நேற்று நடந்தவை. இரட்டைமலை சீனிவாசன் ஒளிந்து படித்த காலம் முழுதாகப் போய்விடவில்லை.

நம்மில் பலர் ஆசிரியர், ரயில்வே, பெல், வங்கி, தாலுகா ஆபீஸ் என்று ஓய்வு பெற்றவர்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கு வழி சொல்ல வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறோம். நம் தெருவில் பூ விற்கும் அம்மாவின் பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. பணம் கொடுக்க வேண்டாம். மே மாதத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளையின் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்து, எந்த விண்ணப்பம் எப்போது கடைசித் தேதி என்று சொல்லிவிட்டு வாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றும் தயாராக இருக்கிறதா என்றும் கேளுங்கள். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.