மெர்சேனின் பட்டியலும் ஒரு கரும்பலகையும்



பன்னிரண்டு புளியங்கொட்டைகளைப் பிள்ளையிடம் கொடுத்து, சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். மூன்று மூன்றாக நான்கு வரிசை வைக்கும். இரண்டிரண்டாக ஆறு வரிசையும் வைக்கும். இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்துவிட்டால் எப்படி அடுக்கினாலும் மிச்சம் விழும். 13ஐ 1ஆலும் 13ஆலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க இயலாது. 1ஐவிடப் பெரிய இத்தகைய எண்ணையே பகா எண் என்கிறோம்.

பாரிஸ் நகரில் மரேன் மெர்சேன் என்னும் துறவி இருந்தார். 2ஐப் பலமுறை பெருக்கி, வரும் விடையில் 1ஐக் கழித்துப் பார்ப்பதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. இரண்டு முறை பெருக்கினால் 4. ஒன்றைக் கழித்தால் 3. மூன்று முறைக்கு 7, ஐந்து முறைக்கு 31, ஏழு முறைக்கு 127. யாவும் பகா எண்களே. ஆனால் பதினொரு முறைக்கு வரும் 2047, 23ஐ 89ஆல் பெருக்கிய தொகையாகும். அப்படியானால் எந்தெந்த இடத்தில் பகா எண் வரும்? 1644ஆம் ஆண்டு மெர்சேன் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67ஐயும் சேர்த்திருந்தார்.

67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 வரும். இருபத்தோர் இலக்கம்! இதை யார் வகுத்துப் பார்ப்பது? பெரியவர் சொல் அப்படியே நின்றது.

1876இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா, இது பகா எண் அன்று என்று ஒரு புதிய முறையால் நிறுவினார். ஆனால் எந்த எண்களால் வகுபடும் என்பது அம்முறையில் தெரியவில்லை. முடிச்சு இருப்பது தெரிந்தது. அவிழ்க்கும் நுனி அகப்படவில்லை.

1903 அக்டோபர் 31ஆம் நாள், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்னும் பேராசிரியர் எழுந்தார். அவர் வாய் திறவாமல் கரும்பலகையின் ஒரு பக்கத்தில் அந்த எண்ணைக் கணித்து எழுதினாராம். மறுபக்கத்தில் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கினாராம். இரு விடைகளும் ஒன்றே! அவையோர் கைதட்டினர் என்பர். அதைக் கண்டுபிடிக்க மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று பின்னாளில் அவர் கூறியதாகவும் சொல்வார்கள்.

மெர்சேனின் பட்டியலில் 257ஐச் சேர்த்ததும் பிழை. 61, 89, 107 ஆகியவை விடுபட்டதும் பிழை. ஆயினும் அவரை யாரும் இகழவில்லை. அவர் எழுப்பிய கேள்வியே பலரைத் தேட வைத்தது. 2024இல் கணிப்பொறிகளின் துணையால் கண்டறியப்பட்ட, 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணும் மெர்சேன் பகா எண் என்றே அழைக்கப்படுகிறது.

பெற்றோர்களே, பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் நாம் வருவதுண்டா? அதே போல, “எப்படித் தெரியும்?” என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். ஆசிரியர் சொன்னதாயினும் சரிபார்க்கட்டும்.

பிள்ளைகளே, இன்றைய கணக்கு: 91 பகா எண்ணா? புளியங்கொட்டைகளை அடுக்கிப் பாருங்கள்.